கொட்டில்லாத முகூர்த்தம்: நன்னிலம் பக்கம் ஒரு தேன்கூட்டைத் தேடி

நான் திருச்சியில் பல் மருத்துவர். நாள் முழுக்க இனிப்பு தின்னாதே என்று பிள்ளைகளை மிரட்டிவிட்டு, லீவு கிடைத்ததும் தேனீயைத் தேடிக் கிளம்பியவள். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. பல்லுக்கு உலோக உறை செய்யும்போது முதலில் அதை மெழுகில்தான் செய்வோம். மெழுகைச் சுற்றி ஒரு கலவையை ஊற்றி இறுக விட்டு, சூடாக்கி, மெழுகு உருகிப் போன இடத்தில் உலோகத்தை விடுவோம். தை மாதம் கடைவாய்ப் பல் வலியோடு வந்த ஒருவர் என் மேசையில் கிடந்த மெழுகை எடுத்து முகர்ந்து பார்த்தார். "இதே வேலைதான் டாக்டர் நாங்களும் செய்யறோம். நீங்க பல்லு செய்யறீங்க, நாங்க சாமி செய்யறோம்" என்றார். சுவாமிமலையில் வெண்கலச் சிலை வார்ப்பவர். வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டியவர் பேசிக்கொண்டே இருந்தார், கேட்டுக்கொண்டிருந்த என் வாய்தான் திறந்திருந்தது.

மாசி கடைசியில் ஒரு சனி, ஞாயிறு கிடைத்தது. சனிக்கிழமை காலை தஞ்சாவூரில் இறங்கி, இரண்டு நாளுக்கு ஒரு கார் பேசினேன். ஒரு நாளைக்கு 2,800 ரூபாய், டீசல் உட்பட. ஓட்டுநர் யூசுப், கூத்தாநல்லூர்க்காரர், முப்பது வயது இருக்கும். நல்ல மனிதர், ஆனால் ஹாரன் பைத்தியம். மாடு, சைக்கிள், மைல்கல் எதையும் விடமாட்டார். ஏன் இப்படி என்று கேட்டால், "நாம வர்றது அவங்களுக்குத் தெரியணும்ல டாக்டரம்மா" என்றார். மைல்கல்லுக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

சுவாமிமலை தஞ்சையிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். சிற்பியின் பட்டறையில் மேசை மேல் ஓர் அம்மன் நின்றுகொண்டிருந்தாள், தேன் நிறத்தில், ஒரு விரல் உயரத்தில். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த உடம்பு. சன்னல் வெயில் அவள் தோளுக்குள் போய் அங்கேயே தங்கியிருந்தது. மறுநாள் காவிரி வண்டலைப் பூசி அவளைச் சூளையில் வைப்பார்களாம். மெழுகு ஓடிப் போகும், வெண்கலம் வந்து உட்காரும். பெரிய கோவில்களில் நாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் உற்சவர்கள் எல்லாம் ஒரு காலத்தில் தேனீ கட்டிய மெழுகாக இருந்தவர்கள் என்று நினைத்தபோது என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

இந்தச் சமவெளியில் மலை கிடையாது. மலையிலிருந்து தேனும் மெழுகும் இறங்கி வந்திருக்க வேண்டும், இங்கிருந்து நெல்லும் உப்பும் ஏறிப் போயிருக்க வேண்டும். பிறந்த குழந்தையின் நாக்கில் தொட்டு வைக்கத் தேன், மருந்தைக் குழைக்கத் தேன், சாமி தலையில் ஊற்றத் தேன். ஒரு பூச்சியிடம் இவ்வளவு கை நீட்டிவிட்டு, அது அருகில் வந்தால் மட்டும் துண்டை எடுத்து விசிறுகிறோம். சிற்பியிடம் இதைச் சொன்னேன். "நன்னிலம் பக்கம் ஒரு ஊர்ல விசிற மாட்டாங்க" என்று வழி சொன்னார்.

ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. வழியெல்லாம் சொல்லிவிட்டுப் பெயரை மறைக்கிறாளே என்று கோபம் வரும், பரவாயில்லை. காரணம் கடைசியில் புரியும். கும்பகோணத்தில் இரவு தங்கல், சாதாரண அறை 1,100 ரூபாய். ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். சம்பா அறுத்த தாளடிகளில் உளுந்து படர்ந்திருந்தது. அதற்கப்புறம் எள்ளு வயல்கள், வெள்ளைப் பூ, உள்ளே லேசான ஊதா. பனி இன்னும் விலகவில்லை. கண்ணாடியை இறக்கியதும் ஒரு ரீங்காரம் வந்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை, வயலே முனகுவது போல் இருந்தது. மறுபடி தூங்கிவிட்டேனோ என்று கூட நினைத்தேன்.

கோவில் சின்னது. தெருமுனையிலேயே ஒருவர் ஓடிவந்து ஹாரன் மேல் இருந்த யூசுப்பின் கையைப் பிடித்துவிட்டார். "அடிச்சிடாதீங்க தம்பி, தேன் வந்திருக்கு." தேனீயைத்தான் அங்கே தேன் என்கிறார்கள். அவர் கோவிந்தராஜ், கோவில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து எள்ளு போட்டிருப்பவர். அன்று அவருடைய மகள் மலர்விழிக்கு அந்தக் கோவிலிலேயே கல்யாணம். முன்பின் தெரியாத என்னை, "வந்தவங்க சாப்பிடாம போகக்கூடாது" என்று உள்ளே அழைத்தார்.

வாசலில் ஓர் அம்மாள் வருகிறவர்களை எல்லாம் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். செண்ட் போட்டவர்கள் குழாயடிக்குப் போய்க் கழுத்தைக் கழுவ வேண்டும். என் கைப்பையில் கிராம்பு எண்ணெய் வாசம் என்று பையைக் காரிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். நான் முகர்ந்து பார்க்கப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

உள்ளே, முன்மண்டபத்தின் கல் கூரை விளிம்புக்குக் கீழே, கூடு. பெருந்தேனீக் கூடு, ஒரு முறம் அகலத்துக்கு மேல். கருப்பாக, அசையாமல் தொங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரு சிலிர்ப்பு ஓடியது, நாற்றங்காலில் காற்று ஓடுவது போல. தேவர்கள் தேனீக்களாக வந்து இங்கே சிவனைச் சுற்றுகிறார்கள் என்பது இந்த வட்டாரத்துக் கோவில்கள் சிலவற்றின் கதை. பொங்கல் கழிந்து பூ எடுக்கும் நேரத்தில் வரும், சித்திரை வெயில் ஏறியதும் தானாகப் போய்விடும். இருக்கும் வரைக்கும் அந்தக் கோவிலில் மணி கிடையாது, கொட்டு கிடையாது, சாம்பிராணி கிடையாது, ஓமப் புகை கிடையாது. குத்துவிளக்குதான் சாட்சி.

இங்கேதான் கோவிந்தராஜ் ஒரு தப்பு செய்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் சீர்காழி. அவர்களிடம் இதைச் சொல்லவே இல்லை. மறைக்கவில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. "எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுட்டேங்க" என்றார் பாவமாக. வெயில் சுடும் என்று யாராவது சம்பந்தியிடம் சொல்வார்களா?

நாதஸ்வரமும் தவிலும் வாய்க்காலுக்கு அக்கரையில், தென்னந்தோப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் மாப்பிள்ளையின் அம்மா ராஜேஸ்வரிக்கு விஷயம் தெரிந்தது. வாசலுக்கு வெளியே நின்றுவிட்டார்.

"கெட்டிமேளம் இல்லாம தாலியா? நான் ஒத்துக்க மாட்டேங்க."

யாரோ சமாதானம் சொல்லப் போனார்கள். அவர் குரல் உடைந்தது. "என் மூத்த பொண்ணு கல்யாணத்துல தவில்காரர் ஒரு நிமிஷம் அசந்துட்டாரு. தாலி ஏறயில யாரோ அழற சத்தம் என் காதுல விழுந்துச்சு. மூணாவது வருஷம் என் மருமகன் பைக்ல போயி திரும்பி வரல. எனக்கு இன்னொரு தடவை தாங்காதுங்க."

மாப்பிள்ளை பக்கத்து ஆள் ஒருவர் மெல்ல, "ஒரு பந்தம் கொளுத்திக் காட்டினா பத்து நிமிஷத்துல கலைஞ்சிடும்" என்றார். கோவிந்தராஜ் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுற்றினார், மறுபடி தோளில் போட்டார். கூட்டை எரித்தால் ஊர் முகத்தில் விழிக்க முடியாது, எரிக்காவிட்டால் மகள் கல்யாணம் நின்றுவிடும். எனக்கும் அந்தக் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் வாசலை விட்டு நகர முடியவில்லை.

கூரைப்புடவையில் மணப்பெண்ணே வெளியே வந்துவிட்டாள். மன்னார்குடியில் நர்ஸ் வேலை பார்ப்பவள், பயப்படுகிறவர்களிடம் பேசிப் பழகிய குரல்.

"அத்தை, கொட்டு எதுக்கு அடிக்கறோம்? கெட்ட சத்தம் எதுவும் காதுல விழக்கூடாதுன்னுதானே?"

"ஆமா."

"இங்க சத்தமே இருக்காது அத்தை. நாங்க பாத்துக்கறோம்."

ராஜேஸ்வரி அவள் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

அதற்குப் பிறகு அந்த ஊர் செய்த வேலையை நான் எங்கும் பார்த்ததில்லை. எல்லாருடைய போன்களும் அணைக்கப்பட்டு ஓர் அண்டாவில் போடப்பட்டன. இருமல்காரப் பெரியப்பா தோப்புக்கு அனுப்பப்பட்டார், கோபித்துக்கொண்டே போனார். கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுக்கப்பட்டது. கண்ணாடி வளையல்களைப் பெண்கள் முழங்கைக்கு ஏற்றிக்கொண்டார்கள். யூசுப் கார் சாவியைத் தானே கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார், தன் கையை நம்ப முடியாது என்று.

நான் பின்னால் ஒரு தூண் ஓரமாக நின்றேன். பக்கத்தில் வெளிர்நிறப் புடவையில் ஒரு பெண், என்னைவிட இளையவள். மாப்பிள்ளையின் அக்கா தமிழ்ச்செல்வி. மாப்பிள்ளை போடும் முதல் முடிச்சு போக மீதி இரண்டும் நாத்தனார் போடுவது அல்லவா, அதனால், "நீங்க முன்னாடி போகலையா?" என்று கேட்டுவிட்டேன்.

"இங்கேருந்தே நல்லா தெரியுதுங்க" என்றாள். "முடிச்சு போட சித்தப்பா பொண்ணு இருக்கா."

ராஜேஸ்வரி சொன்ன மூத்த பெண் இவள்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

குருக்கள் உதட்டுக்குள்ளேயே மந்திரம் சொன்னார். தாலித் தட்டு ஓசையில்லாமல் கைமாறிக்கொண்டே வந்தது. அத்தனை பேர் மூச்சும் ஒரே மூச்சாகிவிட்டது போல் இருந்தது. மேலே கூடு மட்டும் பேசியது. தாழ்ந்த, இடைவிடாத ஒரே சுருதி, கல்லுக்குள் இறங்கி உள்ளங்காலில் தெரிந்தது. என் கிளினிக் கருவியின் கீச்சொலியைப் பல வருடம் கேட்டுத் தேய்ந்த காது இது. அன்று அது திறந்துகொண்டது. விளக்குச் சுடர் நிமிர்ந்து நின்றது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார்.

அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு விசும்பல். ரொம்பச் சின்னது. தமிழ்ச்செல்வி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள், ஆனாலும் வந்துவிட்டது.

எல்லாத் தலையும் திரும்பியது. ராஜேஸ்வரியும் திரும்பினார். முடிந்தது என்று நினைத்தேன். அவர் எதற்குப் பயந்தாரோ அதே சத்தம், அதே நேரத்தில்.

அவர் நடந்து வந்தார், எங்கள் தூணை நோக்கி. மகளின் கையைப் பிடித்தார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள், தூணைக் கூடப் பிடித்துக்கொண்டாள். அம்மா விடவில்லை. கூட்டத்தின் நடுவே இழுத்துக்கொண்டு போய், மணப்பெண்ணின் பின்னால் நிறுத்தி, தாலிக் கயிற்றை மகள் கையில் வைத்தார். சித்தப்பா பெண் தானாக விலகிக்கொண்டாள். ஆட்சேபம் சொல்லக்கூடியவர்கள் அங்கே நிறைய இருந்தார்கள், முகத்திலேயே தெரிந்தது. ஒருவராலும் வாயைத் திறக்க முடியவில்லை. தலைக்கு மேலே தேனீ.

தமிழ்ச்செல்வி மீதி இரண்டு முடிச்சுகளையும் போட்டாள். மலர்விழி கையைப் பின்னால் நீட்டி அவள் விரல்களை ஒருமுறை பிடித்து விட்டாள்.

வாசலில் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசிக் காட்டினார். கொஞ்சம் தாமதித்து, எள்ளுப் பூவுக்கு மேலே, வாய்க்காலைத் தாண்டி, கெட்டிமேளம் வந்து சேர்ந்தது, வேறு ஏதோ ஊரின் கல்யாணம் போல.

பந்தி அடுத்த தெருவில். ராஜேஸ்வரி என் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாயசம் ஊற்றிக்கொண்டு போன பிறகு, நான் கேட்காமலே சொன்னார்: "கொட்டு அடிச்சிருந்தா எனக்குக் கேட்டிருக்காதுங்க. வீட்லயும் டிவி ஓடிட்டே இருக்கும். அவ அழறாளான்னு எனக்குத் தெரியவே தெரியாது." அதற்கு மேல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் என் இலையைப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது?

போக நினைப்பவர்களுக்கு: மாசி, பங்குனி சரியான காலம். தஞ்சையிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம், ஆனால் சுவாமிமலைக்கு அரை நாளாவது கொடுங்கள், பட்டறைக்குள் போகும் முன் கேட்டுவிட்டுப் போங்கள். நன்னிலம் சுற்றுவட்டாரத்தில் மாசியில் எந்தக் கோவிலில் மணிச் சத்தம் கேட்கவில்லையோ அங்கே போங்கள், நான் சொன்ன ஊராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெயரை எழுதினால் அந்த ஊருக்குக் கூட்டம் வரும், கூட்டத்தோடு சத்தமும் வரும். செண்ட் வேண்டாம், படம் எடுக்கும்போது பளிச்சிடும் விளக்கு வேண்டாம், கூட்டுக்கு நேர் கீழே நிற்க வேண்டாம். தேனீ ஒவ்வாமை உள்ளவர்கள் தள்ளியே நின்று பார்ப்பது நல்லது, இதை மருத்துவராகச் சொல்கிறேன். அங்கே தேன் விற்பதில்லை, கேட்காதீர்கள்.

திரும்பும்போது, வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்த யூசுப்பிடம் சாவியைக் கொடுத்தேன். திருவாரூர் சாலை வரும் வரை அவர் ஹாரனைத் தொடவில்லை. சாலை ஏறியதும் வண்டியை ஓரம்கட்டினார். "ரெண்டு நிமிஷம் டாக்டரம்மா. அக்காவுக்கு ஒரு போன் போட்டுக்கறேன்" என்று இறங்கினார். வேப்பமரத்தடியில் நின்றார். போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவர் ஒன்றுமே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.