மதினி சொன்ன மழை

கோவில்பட்டியில் எனக்கு ஒரு செல்போன் சர்வீஸ் கடை இருக்கிறது. ஸ்கிரீன் மாற்றுவதும் சார்ஜர் விற்பதும்தான் பிழைப்பு. ஆனால் பத்து வருடத்துக்கு முன்னால் எனக்குப் பிடித்திருந்த பைத்தியமே வேறு. கம்பெனிக்காரன் போனில் போட்டுத் தந்ததை வழித்தெறிந்துவிட்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் கிடக்கும் மென்பொருளை ஏற்றுவேன். முகம் தெரியாத யாரோ எங்கோ உட்கார்ந்து எழுதி, சும்மா எடுத்துக்கொள் என்று வைத்திருப்பார்கள். ஆள் வராத மத்தியானத்தில் அதை இறக்கி ஏற்றி, போன் புதுசாகக் கண் விழிப்பதைப் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே, அது இப்போது எதிலும் வருவதில்லை.

"வீடு நம்ம வீடு, சாவி மட்டும் வித்தவன்கிட்ட இருந்தா அது என்ன வீடு?" என்று வருகிறவரிடமெல்லாம் பேசுவேன். சார்ஜர் வாங்க வந்தவர்கள் பாவம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி அண்ணாச்சி, அந்த ஒயர் இருக்கா இல்லையா?" என்பார்கள்.

அண்ணனுக்குப் பசுவந்தனையில் மானாவாரி விவசாயம். மதினிக்குப் போனில் எழுத வராது. மழை பெய்த அன்று தன் குரலைப் பதிந்து வைப்பார். "புரட்டாசி கடைசி வெள்ளி. மேற்க கட்டிப் பெய்ஞ்சது. ஒரு உழவு மழை." அவ்வளவுதான். கரிசலில் மழையை இப்படித்தான் சொல்வோம். ஒரு தடவை உழுகிற அளவுக்கு மண் நனைந்தால் ஒரு உழவு. போன வருடம் எப்போது பெய்தது என்று அண்ணன் கேட்டால் மதினி பதிவை ஓடவிடுவார். மதினி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அண்ணன் தினமும் அதைக் கேட்டார்.

ஒருநாள் கம்பெனி அப்டேட் ஒன்று வந்தது. அதிலிருந்து பதிவைத் தொட்டால் முதலில் விளம்பரம். மதினி வாய் திறப்பதற்கு முன் ஒருத்தி தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் விற்றாள். அண்ணன் பஸ் பிடித்து நேரே கடைக்கு வந்தார்.

"ஏலே, என் பொண்டாட்டி பேசுததைக் கேக்க நான் இவன்கிட்ட காத்துக்கெடக்கணுமால?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. கொஞ்சம் குஷியாகவும் இருந்தது. இத்தனை நாள் பேசியதற்கு ஓர் ஆள் சிக்கிவிட்டார் அல்லவா?

"அவன் பூட்டை ஒடச்சிருவோம்ண்ணே," என்றேன்.

"அவ பேசினதெல்லாம் எடுத்து வச்சிட்டியால?"

"எல்லாம் மெமரி கார்டுல இருக்குண்ணே."

கார்டைக் கழற்றி மேஜையில் வைத்தேன். வேறு மென்பொருளை ஏற்ற விடாமல் கம்பெனி போட்டிருக்கும் பூட்டைத் திறந்தால் போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்று ஸ்கிரீன் எச்சரித்தது. நூறு தடவை பார்த்த எச்சரிக்கை. படிக்காமலே 'ஆம்' என்று அழுத்தினேன்.

கார்டில் போட்டோக்கள்தான் இருந்தன. குரல்களை அந்தக் கம்பெனி ரெக்கார்டர் போனுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறது. திறந்து பார்க்காமல் சொன்னவன் நான். மீட்டெடுக்கத் தெரிந்த வழியெல்லாம் முயன்று பார்த்தேன், ஒன்றும் தேறவில்லை. கம்பெனிக்காரன் குறுக்கே விளம்பரம்தான் போட்டான். அழித்தது நான்.

"ஒண்ணுகூட இல்லையால?" என்று கேட்டார் அண்ணன்.

"இல்லண்ணே."

அண்ணன், பொது மென்பொருள் ஏறியிருந்த போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு பல வருடம் அந்த போனை அவர் என் கையில் கொடுக்கவே இல்லை.

இப்போது வருகிற பல போன்களில் பூட்டைத் திறக்கவே விடுவதில்லை. அப்படித் திறந்து தா என்று கேட்டும் யாரும் வருவதில்லை. அந்த மத்தியானங்களை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. கூடவே அண்ணன் பஸ் ஏறியதும் நினைவுக்கு வந்துவிடும்.

போன ஐப்பசியில் அண்ணனே கூப்பிட்டார். "போன் மெல்ல ஓடுது, வந்து பாருல." அந்த மாடலைக் கம்பெனி கைகழுவிப் பல வருடம் ஆகிறது. முகம் தெரியாத அந்த யாரோ மட்டும் அதற்கு இன்னும் புதுப்பித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதை ஏற்றத்தான் பசுவந்தனை போனேன். இந்தத் தடவை எதையும் தொடுவதற்கு முன் ரெக்கார்டரைத் திறந்தேன். உள்ளே வரிசையாகப் பதிவுகள் இருந்தன. ஒன்றைத் தொட்டேன். விளம்பரம் எதுவும் வரவில்லை. எடுத்த எடுப்பில் அண்ணன் குரல் வந்தது.

"ஏட்டி, நேத்து சாயங்காலம் கிழக்க இருந்து வந்துச்சு. ஒரு உழவு மழை. உளுந்து வெதச்சாச்சு."

அடுத்ததும் மதினியைக் கூப்பிடும் அந்த 'ஏட்டி'யில்தான் தொடங்கியது. அதற்கு அடுத்ததும்.

"எல்லாம் எடுத்து வச்சிட்டியால?" என்று தொழுவத்திலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்.

"ஒவ்வொண்ணா கேட்டுட்டு எடுத்து வைக்கேன்ண்ணே," என்றேன்.