எல்லாத் தோணியிலும் ஒரே மீன்

யுத்தம் முடிந்ததும் மட்டக்களப்பில் பைதான் என்ற கணினி மொழி வகுப்பில் சேர்ந்தேன். ஒருநாள் எல்லோரும் திரையில் பார்க்க, நான் நிரல் எழுத வேண்டியிருந்தது. ‘தோணி’ என்று, ஒரே மாதிரிப் பொருள்களை வார்க்கும் ஓர் அச்சை, அதாவது கிளாஸை எழுதி, அதிலிருந்து இரண்டு தோணிகளை உருவாக்கினேன். ஒன்றில் மீனைப் போட்டதும் மற்றதிலும் அதே மீன் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

“தங்கச்சி, மீன் லிஸ்ட் ஒவ்வொரு தோணிக்கும் தனியா இருக்கணும். பிழை விட்டுட்டிங்க” என்றார் வகுப்பெடுத்த சேர்.

“பிழையில்ல சேர். சுனாமிக்குப் பிறகு எங்கட ஊர்ல மிஞ்சினது கொஞ்சத் தோணிதான். ஆர் பிடிச்சாலும் கரையில ஒண்டாக் குவிச்சித்தான் பங்கு போட்டம். அதான் மீனைப் பொதுவா வெச்சன்.”

சேர் திரையை மறுபடி பார்த்தார். “அப்ப சரியாத்தான் எழுதியிருக்கிங்க.”

பிறகு சொந்தக்காரர் பெயரை மட்டும் ஒவ்வொரு தோணிக்கும் தனியாகச் சேர்த்தேன். முதல் தோணிக்கு அப்பாவின் பெயர். அது திரையில் பெரிதாக வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

இன்றும் எது தனி, எது பொது என்று குழம்பினால், என் மனம் அந்தக் கரைக்குத்தான் போகிறது.