உள்பக்கத் தாழ்ப்பாள்

செவ்வந்தியை நல்லவள் என்று கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வாய்க்காரி என்றுதான் சொல்வார்கள். கட்டணக் கழிப்பறையின் பெண்கள் பக்கத்து வாசலில் ஒரு மேசையும் பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டு அவள் உட்கார்ந்திருப்பாள். குழாயைத் திறந்தபடி விட்டுப் போகிறவர்களை அவள் திட்டுவது கச்சிராயபாளையம் பஸ் நிற்கும் இடம் வரை கேட்கும். அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் ஆசிரியை. தினமும் அதே பஸ்ஸுக்கு நிற்பதால் அவளோடு பழக்கம்.

அவளுக்குக் கருணாபுரத்தில் ஒற்றை அறை வீடு. கணவர் அய்யனார் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். தெருவுக்குத் தெரு சாவு விழுந்த அந்த ஆனி மாதத்தில் விஷச் சாராயம் அவரையும் கொண்டுபோயிற்று. துக்கம் கேட்க வந்தவர்களைப் பற்றிச் செவ்வந்தி ஒருமுறை சொன்னாள்: "வந்தவங்க அத்தினி பேரும் அவங்கவங்க பாட்டுக்குப் பேசிட்டுப் போனாங்க டீச்சர். ஒனக்கு இன்னா வேணும்னு ஒருத்தரும் கேக்கல." மகள் எழில்மதி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் செவ்வந்தி இந்த வேலைக்கு வந்தாள்.

போன வருடம் பங்குனி வாக்கில், சின்னசேலம் பஸ் நிற்கும் இடத்துத் தூணருகே ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். ஐம்பது வயது இருக்கும். பழைய புடவையில் கட்டிய மூட்டை ஒன்று மடியிலேயே இருக்கும். தூங்கும்போதும் அதன்மேல் கையைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள். மூட்டைக்காரி என்று அவளுக்குப் பெயர் வந்தது. இரக்கப்பட்டவர்கள் இட்லிப் பொட்டலம் கொடுத்தார்கள், பழைய புடவை கொடுத்தார்கள். பிறந்தநாள் கொண்டாட வந்த சில இளைஞர்கள் பிரியாணி கொடுத்துப் படம் பிடித்தபோது மட்டும் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவள் குளிக்கவில்லை. வெயில் ஏற ஏற அந்தத் தூணின் பக்கம் போகவே பயணிகள் தயங்கினார்கள். ஒருநாள் பலகாரக் கடைக்காரர் ஒருவர் பொறுமை இழந்து ஒரு வாளித் தண்ணீரை அவள்மேல் வீசினார். மேசையை விட்டு எழுந்து ஓடிவந்தாள் செவ்வந்தி.

"ஏன்யா, மாடா அது, தண்ணி ஊத்திக் கழுவறதுக்கு?" என்று அவரை ஒரு பிடி பிடித்துவிட்டு, நனைந்து கிடந்தவளிடம் திரும்பினாள். "வாம்மா, வந்து குளி. காசு ஒன்னும் வாணாம்."

அந்தப் பெண் மூட்டையை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டி மறுத்தாள்.

மறுநாள் செவ்வந்தி சோப்பும் தன் பழைய புடவை ஒன்றும் கொண்டுவந்தாள். அப்போதும் மறுப்புத்தான். அடுத்த நாளும் அப்படியே. செவ்வந்திக்குக் கோபம் வந்துவிட்டது. "திமிர பாத்தீங்களா டீச்சர்? குளிக்கிறதுக்கு வெத்தல பாக்கு வெச்சி அழைக்கணுமாம்," என்று என்னிடம் சொல்லி நொடித்தாள்.

பிறகு ஒரு நண்பகலில், கூட்டமில்லாத நேரத்தில், அந்தப் பெண் தானாகவே எழுந்து வந்து குளியலறை வாசலில் நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். ஈரத் தரையைப் பார்த்தாள். கையிலிருந்த மூட்டையைப் பார்த்தாள். திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

செவ்வந்திக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"மூட்டைய வெக்க எடம் பாக்கிறியா?"

அந்தப் பெண் நின்றாள். ஆமாம் என்று தலையசைத்தாள்.

"என் மேசைக்கு அடியில வெய்யி. நான் பாத்துக்கினு இருக்கேன்."

"வாணாம்."

அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது. என்னையே நம்ப மாட்டாயா என்று செவ்வந்திக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டதாம். எப்படியோ விழுங்கிக்கொண்டு, "அப்ப இன்னா பண்ணலாம்? நீயே சொல்லு," என்றாள்.

அந்தப் பெண் கதவின் உள்பக்கத்தைக் காட்டினாள். "இங்க ஒசரமா ஒரு ஆணி இருந்தா மாட்டிக்குவேன். நனையாது."

இத்தனை நாளும் இதுதானா என்று ஆகிவிட்டது செவ்வந்திக்கு. கரும்பு ஜூஸ் கடை தமிழரசனைக் கையோடு கூட்டிவந்து ஆணி அடிக்கச் சொன்னாள். மூட்டையை மாட்டினால் தாங்குமா என்று தானே தொங்கிப் பார்க்காத குறையாக இழுத்துப் பார்த்தாள்.

உள்ளே போன பெண் உடனே குளிக்கவில்லை. தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடியும் போட்டாள். "வெளிய இருந்து தள்ளிப் பாரு," என்று குரல் வந்தது. செவ்வந்தி தோளைக் கொடுத்துத் தள்ளினாள். "தொறக்காது. நீ குளி," என்றாள்.

தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. அவள் வெளியே வரவில்லை. சேலம் பஸ்ஸில் இறங்கிய பெண்கள் வரிசை கட்டிவிட்டார்கள். ஒருத்தி கதவை இடித்தாள். செவ்வந்திக்கும் பயம் வந்துவிட்டது.

"ஏம்மா, உள்ள இருக்கியா?"

"இருக்கேன்."

"இன்னா பண்ற?"

"தாப்பா போட்டுக்கினு சும்மா உக்காந்திருக்கேன்," என்றாள்.

செவ்வந்தி வரிசையில் நின்றவர்களை அடுத்த அறைக்கு அனுப்பினாள். முணுமுணுத்தவர்களை முறைத்தாள்.

அன்று மாலை என்னிடம் இதைச் சொல்லும்போது அவள் குரல் வழக்கமாக இருக்கிற மாதிரி இல்லை. சிறுமியாக இருந்தபோது அவர்கள் வீட்டில் கழிப்பறை கிடையாது. இருட்டும் வரை பெண்கள் அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். வாய்க்கால் பக்கம் போனால் ஒருத்தி காவல் நிற்பாள், மற்றவள் போவாள். "எங்களுக்கு நிக்கிறதுக்கு ஒருத்தியாச்சும் இருந்தா டீச்சர். அவளுக்கு யாரு? ராத்திரி பகல்னு ஊரு மொத்தமும் அவளப் பாத்துக்கினே இருக்குது. யாரும் பாக்காம பத்து நிமிசம் குந்தணும்னு இருக்காதா?"

நான் எத்தனையோ முறை அந்தத் தூணைக் கடந்து போயிருக்கிறேன். அவளுக்குப் பசிக்குமே என்று நினைத்ததுண்டு. கதவு இல்லாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அதன்பின் நண்பகல் வேளை அவளுடையதாயிற்று. குளித்துவிட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்று தலை உலர்த்துவாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். பெயர் ரங்கம்மாள். சின்னசேலம் பக்கத்துக் கிராமம். கணவரோடு கரும்பு வெட்டப் போனவள். பிள்ளை இல்லை. கணவர் இறந்ததும் கொழுந்தன் வீட்டில் இருந்தாள்.

"அடிச்சித் தொரத்துனாங்களா யக்கா?" என்று கேட்டாள் செவ்வந்தி.

"சேச்சே. போன்னு ஒரு வார்த்த சொல்லல. சோறு போடறப்ப பேசறத நிறுத்திட்டாங்க. அவ்ளோதான்."

மூட்டையில் என்ன இருக்கிறது என்று செவ்வந்தி கேட்கவே இல்லை. எனக்கும் இன்றுவரை தெரியாது.

புகார் போகாமல் இருக்குமா? கழிப்பறையைக் குத்தகை எடுத்தவரின் மேற்பார்வையாளர் தனசேகரன் ஒருநாள் வந்து நின்றார்.

"இன்னாமா, சத்திரம் நடத்துறியா? அந்தப் பொம்பள தினமும் ஒரு ரூம அடைச்சிக்கினு குந்துதாம். ஆளாளுக்கு எனக்குப் போன் போடறாங்க."

"அண்ணே, காத்தால நீங்க எங்க குளிச்சீங்க?"

"வூட்ல. ஏன்?"

"அந்தம்மா எங்க போவும், நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்ற எடத்துக்கு இப்பவே அனுப்பி வெச்சிடறேன்."

தனசேகரன் பேருந்து நிலையத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ஜூஸ் கடை, பூக்கடை, சுவரோரம் நின்று சிறுநீர் கழிக்கும் ஆண்கள். அவரும் பெண் பிள்ளைகளைப் பெற்றவர். "கூட்டம் கம்மியா இருக்கிறப்ப மட்டும்," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். "ஜாஸ்தி பண்ணிடாத."

ஐப்பசியில் மழை பிடித்தது. தூணைச் சுற்றித் தண்ணீர் நின்றது. செவ்வந்தி ரங்கம்மாளைக் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துப் போனாள். அந்த ஒற்றை அறையில் கதவோரச் சுவரில் சாய்ந்து ரங்கம்மாள் உட்கார்ந்தாள். மூட்டையை அவிழ்க்கவில்லை. இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளவில்லை. தாயும் மகளும் கண் விழிப்பதற்குள் வீடு பெருக்கி, பாத்திரம் கழுவி வைத்திருந்தாள். மழை விடுவதற்கு முன்பே ஒரு விடியலில் ஆளைக் காணோம்.

செவ்வந்தி நேரே தூணுக்குப் போனாள். நான் அப்போது அங்கேதான் குடையோடு நின்றிருந்தேன்.

"எங்க வூட்ல இன்னா கொறய கண்ட நீ? இங்க வந்து நனைஞ்சிக்கினு கெடக்கிற?"

"கொற ஒன்னும் இல்ல செவ்வந்தி. ஒம் பொண்ணு படிக்கிற எடத்துல நான் குந்திக்கினு இருந்தேன். அது ஒன்னும் சொல்லல. ஆனா சொல்லாம இருக்கிறது இன்னான்னு எனக்குத் தெரியும். நான் அத ஒரு தடவ பாத்தவ."

செவ்வந்தி மேசைக்குத் திரும்பி, வருகிறவர்கள் யாரையும் திட்டாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "நான் நல்லதுதான் பண்ணேன் டீச்சர்," என்றாள் பிறகு. "அவளுக்கு அது பாரமாப் போச்சி. எழில் மேலயும் தப்பு இல்ல. எங்க வூடு அவ்ளோதான்." நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். அது அவளுக்குத் தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன். யாருக்கு எது வேண்டும் என்று நாமே முடிவு செய்துகொண்டு கொடுக்கிறபோது, கொடுக்கிற கைக்கு இருக்கிற நிம்மதி வாங்குகிற கைக்கும் இருக்க வேண்டும் என்பதில்லை. அதை அவள் என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டாள். மறுநாள் ஒரு தார்ப்பாயைக் கொண்டுபோய், "இது ஒனக்கு ஒதவுமா?" என்று கேட்டாள். "ஒதவும்," என்று ரங்கம்மாள் வாங்கிக்கொண்டாள். இருவரும் பழையபடி பேசத் தொடங்கினார்கள்.

தை மாதம் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து பெரியநாயகி வந்தாள். மலையிலிருந்து புளியும் கடுக்காயும் சந்தைக்குக் கொண்டுவருகிறவள். இறங்கும்போதெல்லாம் செவ்வந்தியிடம் மூட்டையை வைத்துவிட்டுப் போவாள். மகன்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்களாம். மரவள்ளிக் காட்டில் கூடமாட வேலை செய்யவும், காட்டு வீட்டில் தங்கிப் பன்றி விரட்டவும் ஒரு பெண் ஆள் கிடைக்குமா என்று கேட்டாள்.

இதோ இருக்கிறாளே என்று சொல்லச் செவ்வந்தி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"ஒருத்தி இருக்கா. ஆனா அவ சார்புல நான் சொல்ல முடியாதுக்கா. அவளையே கேளு."

மூன்று பேரும் தூணருகே உட்கார்ந்து பேசினார்கள். கூலி, சாப்பாடு, குளிர் என்று பெரியநாயகி எல்லாம் சொல்லி முடித்தாள். ரங்கம்மாள் ஒன்றுதான் கேட்டாள்.

"வந்தப்புறம் புடிக்கலன்னா எறங்கிப் போவலாமா?"

பெரியநாயகி சிரித்துவிட்டாள். "பஸ்ஸு தெனமும் வருது. நான் இன்னா உன்னைக் கட்டியா போடப் போறேன்?"

யோசித்துச் சொல்வதாக ரங்கம்மாள் சொன்னாள். அடுத்த சந்தைக்குப் பெரியநாயகி இறங்கியபோது, குளித்து, தலை வாரி, தயாராக நின்றாள். வெள்ளிமலை பஸ்ஸில் மூட்டையைப் பின்னால் போடச் சொன்ன கண்டக்டரிடம் செவ்வந்தி சண்டைக்குப் போனாள். ரங்கம்மாள் அதை மடியிலேயே வைத்துக்கொண்டாள். பஸ் நகர்ந்தபோது இருவரும் கையசைக்கவில்லை. "போய்ச் சேரு," என்றாள் செவ்வந்தி. "வரேன்," என்றாள் ரங்கம்மாள்.

அவள் அங்கேயே இருந்துவிடுவாளா, இறங்கிவிடுவாளா என்று எனக்குச் சந்தேகம்தான். செவ்வந்தி பந்தயம் கட்டத் தயாராக இல்லை. "வந்தா வரட்டும். அவ இஷ்டம்," என்பாள். ஆனால் மலையிலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸையும் அவள் கழுத்தை நீட்டிப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

போன வாரம் வெள்ளிமலை பஸ் டிரைவர் ஒரு கோணிப்பையை அவள் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். ரங்கம்மாள் கொடுத்தனுப்பிய மரவள்ளிக் கிழங்கு. இது முதல்முறை இல்லையாம்.

"கல்லு மாதிரி கீது டீச்சர். எவ்ளோ நேரம் அடுப்புல வெச்சாலும் வேவ மாட்டேங்குது. இன்னாத்த வெளைய வெக்கிறாங்களோ மலமேல," என்று புலம்பிக்கொண்டே, பெரியதாக நாலு கிழங்கைப் பொறுக்கி என் பையில் திணித்தாள் செவ்வந்தி.