மீன்கூடைகளின் நிழற்குடை

மின்சார ரயிலில் இன்று யாரோ வைத்திருந்த மீன்கூடையின் வாசனை, சாலையை அகலப்படுத்தியபோது இடிக்கப்பட்ட தாம்பரம் நிழற்குடைக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது. அப்பா செயலாளராக இருந்த சேவைச் சங்கம், கோவளத்திலிருந்து வந்து படப்பை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மீன்காரப் பெண்களுக்காக, ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் சிமெண்ட் பெஞ்சுமாகக் கட்டியது அது. ஆனால் ஈரச்சாக்கு மூடிய கூடைகள் பெஞ்சில் வீற்றிருக்க, பெண்கள் வெயிலில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அதைப் பார்க்க வந்த அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது.

"உள்ள வந்து உக்காருங்கம்மா, உங்களுக்காகத்தான் கட்டினோம்" என்றார்.

"மீனு வெயில்ல வச்சா கெட்டுப்பூடும் சார். நாங்க இன்னா, கெட்டா பூடுவோம்?" என்று ஒருத்தி சிரித்தாள்.

அடுத்த மாதம் சங்கம் பக்கத்திலேயே இன்னொரு கூரை போட்டது. அதற்கடியிலும் கூடைகள்தான் உட்கார்ந்தன. அங்கே பஸ் ஏறப் போகும்போதெல்லாம் அப்பாவும் கடைசிவரை அந்தப் பெண்களோடு வெயிலில்தான் நின்றார்.