ஹேமாவுக்குக் கிடைத்த ஸ்பானிஷ்

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் எங்கள் போல்ட் கம்பெனிக்கு இன்று மெக்சிகோவிலிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. வெளிநாட்டிலிருந்து எங்களைத் தேடி வந்த முதல் கடிதம்.

பேக்கிங் பார்க்கும் முனுசாமி, அதைக் கையில் வைத்திருந்த முதலாளியின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், எழுத்து இங்கிலீசு மாதிரி கீது, படிச்சா ஒண்ணும் புரியல?"

நான் வாய் திறப்பதற்குள், ஆபீஸில் என்னைவிட இளையவளான ஹேமா சொல்லிவிட்டாள். "ஸ்பானிஷ் சார். ரெண்டு மாசமா கிளாஸ் போறேன்."

நான் இரண்டு வருடமாக, யாரிடமும் சொல்லாமல், ஆவடி ரயிலில் உட்கார்ந்து நானாகவே அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலாளிக்குச் சந்தேகம். "ஸ்பானிஷ்னா ஸ்பெயின்காரன்தானே? மெக்சிகோக்காரன் எதுக்கு அதுல எழுதுறான்?"

ஹேமா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பொறுக்கமாட்டாமல் விளக்கினேன். "ஸ்பெயின் ஆளுங்களையும் ஸ்பானிஷ்னு சொல்லுவாங்க, அவங்க மொழியையும் சொல்லுவாங்க சார். அவங்க ஆண்ட மெக்சிகோல இன்னும் அந்த மொழிதான் பேசுறாங்க."

"அப்போ ஹேமா சொன்னது கரெக்ட்டு!" என்று முதலாளி ஃபேக்ஸை அவளிடமே கொடுத்தார். இனி வெளிநாட்டுக் கடிதமெல்லாம் அவள் பொறுப்பு. எனக்குப் பழையபடி வருகைப் பதிவேடு.

பதிவேட்டை ஓங்கி மூடினேன்.

சாயங்காலம் ஸ்டேஷனில் ஹேமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க நிறைய படிப்பீங்களே, ஸ்பானிஷ் டிக்‌ஷனரி எங்கயாவது கிடைக்குமா? பாதி வார்த்தை புரியல. பயமா இருக்கு."

"தெரியலையேம்மா" என்றேன். அது என் தோள்பையில்தான் இருந்தது.

நாளைக்குக் கொடுத்துவிடலாமா? இதைப் படிப்பவர்களில் வேண்டாம் என்பவர்கள் முதலில் பதில் எழுதுங்கள்.