முப்பத்தொன்றாம் தேதிக்குள்

அருளானந்தம் அண்ணனைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஸ்டேஷனில் எல்லோரும் முதலில் சொல்வது, அவர் ஒருநாள்கூட ரிலீவுக்குப் பிந்தி வந்ததில்லை என்பதைத்தான். விடிய விடியப் பாரா நின்றவனுக்கு அடுத்த ஆள் எப்போது வருவான் என்பது ஒன்றே கவலை. அண்ணன் முன்கூட்டியே வந்து நின்று, "போடா, போய்ப் படு" என்பார். காரைக்குடியில் கான்ஸ்டபிளாக இருந்து சிறப்பு எஸ்.ஐ. வரை வந்த மனிதர். யாரையும் கை நீட்டி அடித்ததே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். போலீஸ்காரனைப் பற்றி அப்படி எழுதினால் யாரும் நம்பவும் மாட்டார்கள். ஆனால் கீழே வேலை பார்த்தவனை அவர் மாட்டிவிட்டதில்லை. ஜீப் ஓட்டுகிற பாண்டிமுருகன் நான். பல வருஷம் அவரைப் பக்கத்து சீட்டில் வைத்து ஓட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

ஓய்வு பெறும் வயதை அரசாங்கம் ஐம்பத்தெட்டிலிருந்து ஐம்பத்தொன்பது, பிறகு அறுபது என்று ஏற்றியபோது ஸ்டேஷனில் ஆளுக்கொரு முகம். பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர்கள் உம்மென்று ஆனார்கள். முட்டி தேய்ந்தவர்கள் இன்னும் எத்தனை திருவிழாவுக்கு நிற்பது என்று புலம்பினார்கள். அண்ணன் மட்டும் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவர் மகள் மரிய அனிதா அப்போது தேர்வு மேல் தேர்வாக எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஓர் அரசு வேலை கிடைப்பதற்குள் தான் வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். அவளோ அரை மதிப்பெண், ஒரு மதிப்பெண்ணில் கோட்டைவிட்டுக்கொண்டே இருந்தாள். முப்பது தாண்டியும் தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குத் தொண்டை கிழியக் கத்தினாள். ஐம்பத்தெட்டோடு விட்டிருந்தால் அண்ணன் நல்ல உடம்போடு வீட்டுக்குப் போயிருப்பார். நீட்டித்துக் கொடுத்த அந்த வருஷங்களில்தான் அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. செவ்வாயும் சனியும் டயாலிசிஸ். அந்த இரண்டு நாளும் இன்ஸ்பெக்டர் அவருக்கு வேலை போடுவதில்லை.

போலீஸ் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. டூட்டி என்று சொல்லிவிட்டால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. கிறிஸ்துமஸ் பூசையன்று டூட்டி, பிள்ளை பிறந்தன்று டூட்டி, மாமனார் அடக்கத்தன்றும் டூட்டி. அண்ணன் மனைவி லூசியா மதினி கல்யாணமான புதிதில் கேட்டுப் பார்த்திருப்பார். பிறகு சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் பழகிவிட்டார்.

அண்ணனுக்கு மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு. அந்த மாதம் பாதி கழிந்த பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் மதினியைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, ஒங்க இன்ஸ்பெக்டருக்கு ஈவு இரக்கமே கெடையாதா? வீட்டுக்கு அனுப்பப் போற நேரத்துலயும் இந்த மனுசனப் பிள்ளையார்பட்டி பந்தோபஸ்துல போடுறீக. செவ்வாயும் டூட்டி, சனியும் டூட்டி."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு மதினி?"

"கெழமைய மாத்தி வாங்கிட்டாகளாமே. நீங்கதான் ஸ்டேஷன்லருந்தே கூட்டிட்டுப் போறீகன்னு சொன்னாக."

நான் அவரை எங்கும் கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்த நாட்களில் அவர் மகளோடு ஆஸ்பத்திரியில் இருப்பதாகத்தான் ஸ்டேஷனில் நாங்கள் நினைத்திருந்தோம். மதினியிடம் எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டு அனிதாவுக்குப் போன் போட்டேன். பள்ளி விடுமுறை, வீட்டில்தான் இருந்தாள். அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டிக்கு விரட்டினேன்.

கோயிலுக்கு வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில், ஒரு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்தார். யாரும் போடாத டூட்டி. பூட்ஸைக் கழற்றி வைத்திருந்தார். மறுபடி மாட்ட முடியாதபடி பாதம் வீங்கியிருந்தது. முகம் ஊதி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா இப்பிடிப் பண்றீக?" என்றாள் அனிதா.

அவர் மறைக்கவில்லை. மேலதிகாரியிடம் ரிப்போர்ட் சொல்கிற குரலில் சொன்னார்.

"முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள போனேன்னா சர்வீஸ்ல போனதாகும் தாயி. ஒனக்கு வாரிசு வேலை கேக்கலாம். ஒண்ணாந் தேதி போனா ஒண்ணுமில்ல. எப்பிடியும் போகப் போற ஒடம்புதான? நம்ம நெல்சனப் பாரு. அவுக அப்பா டூட்டில அடிபட்டுப் போகப் போயித்தான் அவன் இன்னைக்குக் கவர்மென்ட் ஆபீஸ்ல ஒக்காந்திருக்கான்."

வந்த ஆத்திரத்தில் மூத்தவர் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். "ஒங்களுக்கென்ன பித்துப் பிடிச்சிருச்சாண்ணே?" சாமி கும்பிட வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அனிதா மண்ணில் உட்கார்ந்து அவர் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தக் கணக்க நானும் போட்டேன்ப்பா," என்றாள். "ஒங்களுக்குக் கிட்னி போச்சுன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கே போட்டேன். கோயில்ல சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணும்போதுகூட அதச் சொல்ல வாய் வரலை."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மகள் அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்திருப்பார். இதை எதிர்பார்க்கவில்லை. அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து எனக்கும் தாங்கவில்லை. பெற்றவரையும் பிள்ளையையும் ஒரு தேதியை வைத்து இப்படி யோசிக்க விட்டுவிட்டார்களே என்று, யாரை என்று தெரியாமல் மனதுக்குள் திட்டினேன்.

"எந்திரிங்கப்பா," என்றாள் அவள். "நெனச்சதோட போகட்டும்."

என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆட்டோ பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தாமதித்ததற்கு டாக்டர் எங்கள் மூவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அதன் பிறகு அனிதா அவரைத் தனியே எங்கும் விடவில்லை. மதினிக்கு இன்றுவரை இந்த விஷயம் தெரியாது.

முப்பத்தொன்றாம் தேதியும் சனிக்கிழமையாக வந்தது. சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் பந்தல் போட்டு, சால்வை போர்த்தி, மோதிரம் போட்டோம். ஓய்வுக்காலம் சீரும் சிறப்புமாக அமைய வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் மைக்கில் வாழ்த்தினார். கடைசி வரிசையில் நின்ற அனிதா கேவிக் கேவி அழுதாள். அப்பா மேல் எவ்வளவு பாசம் என்று பெண் காவலர்கள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

ஓய்வு பெற்றவரை ஜீப்பில் வீட்டில் கொண்டுபோய் விடுவது வழக்கம். வருகிறவர்களுக்குச் சாப்பாடு தயார் செய்ய மதினி வீட்டிலேயே இருந்தார். அண்ணனை முன்சீட்டில் உட்கார வைத்தேன். அனிதா பின்னால் ஏறினாள்.

"மொதல்ல ஆஸ்பத்திரிக்கு விடுங்க சித்தப்பா. ராத்திரி முறை வாங்கியிருக்கேன்."

கடைத்தெருவைத் தாண்டியதும் அவள், அப்பா காதில் விழும் என்று தெரிந்தேதான் என்னிடம் சொன்னாள்.

"நான் அழுதது அப்பா உசுரோட இந்த நாளத் தாண்டுனதுக்கா, வேலை போச்சேங்குறதுக்கான்னு எனக்கே தெரியலை சித்தப்பா."

நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அண்ணன் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் தெரியலை தாயி," என்றார்.