சித்தப்பாவின் உப்பில்லாச் சாப்பாடு

சித்தப்பா எதையும் சும்மா கொடுக்கிற ஆளில்லை. அதனால் அன்று காலை ரிப்பன் வாங்கித் தருவதாகச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. பதிலுக்கு அவர் கேட்டது ஒரு சின்ன சீசா நிறைய என் மூத்திரம்.

அவருக்கு சர்க்கார் உத்தியோகம் கிடைத்து, உடம்புப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. தாத்தா உடம்பெல்லாம் வீங்கிச் செத்துப்போனவர். அந்த வியாதி தனக்கும் இருக்குமோ என்று சித்தப்பாவுக்கு உள்ளூர உதறல். எட்டு வயதுப் பெண்ணுடையதில் பழுது இருக்காது என்று சீசாவைக் கோட்டுப் பையில் மறைத்துக்கொண்டு போனார்.

உத்தியோகம் போயிற்று. சீசாவில் இருந்ததைக் கொதிக்கவைத்தபோது வெள்ளையாகத் திரிந்துவிட்டதாம். வீட்டில் ஒரே அழுகை. அம்மா அவருக்கு உப்பில்லாமல் தனிச்சமையல் செய்ய ஆரம்பித்தாள்.

சித்தப்பா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் என் கண்கள் வீங்கியிருப்பது தூக்கத்தால் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். மறுநாள் ரிப்பன் வாங்க என்று சொல்லி, லஸ் கடைத்தெருவில் தெரிந்த டாக்டரிடம் கூட்டிப்போய் உள்ளதைச் சொன்னார். டாக்டர் எங்கள் இருவருடையதையும் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். அவருடையது தெளிவாக நின்றது. என்னுடையது திரிந்தது.

"ரத்தத்துல இருக்கற கழிவை மட்டும் வடிச்சு வெளியில தள்றதுதான் சிறுநீரகத்தோட வேலை. காப்பி வடிகட்டற துணி நைஞ்சா பொடியும் எறங்கறதோல்லியோ? இவளுக்குச் சத்தும் சேர்ந்து எறங்கறது. சமீபத்துல சிரங்கு வந்துதா?"

வந்திருந்தது.

"சிரங்குக்கு அப்புறம் சில கொழந்தைகளுக்கு இப்படி வரும். அனேகமா சரியாயிடும். உப்பு கூடாது, ஓடப்படாது. வாராவாரம் கூட்டிண்டு வாங்கோ. ஆபீஸ்ல நெஜத்தைச் சொல்லிடுங்கோளேன், உங்களுக்கு உத்தியோகமாவது மிஞ்சும்."

"நாலு பேருக்குத் தெரிஞ்சுடும், டாக்டர். இன்னும் நாலஞ்சு வருஷத்துல இவ ஜாதகத்தை வெளியில எடுக்கணுமே" என்றார் சித்தப்பா. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

அன்று முதல், தனியாகச் சாப்பிட்டால் இறங்கவில்லை என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தனக்குச் சமைத்ததையே எனக்கும் போடச் சொன்னார். உப்பில்லாத ரசத்துக்கு நான் முகத்தைச் சுளிப்பேன். அவர் சப்புக்கொட்டிக் காட்டுவார். கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வாராவாரம் டாக்டரிடம் போனோம். மூன்றாம் மாதம் என் குழாயும் தெளிந்தது.

அதன் பிறகும் அவரை உப்பு சேர்த்துக்கொள்ள அம்மா விடவில்லை. சீக்காளிக்குப் பெண் கொடுக்கவும் யாரும் முன்வரவில்லை.

பதினைந்து வயதில் எனக்குக் கல்யாணம் நடந்தது. பந்தியில் அவர் இலையில் மட்டும் உப்பில்லாமல் பரிமாறினார்கள். அப்போதும் அவர் எதிரில் போய் நின்று, அந்த ரிப்பன் இன்னும் வரவில்லை என்று சண்டை பிடித்தேன்.